பதினொரு வினாடிக்குள் ஒரு நட்சத்திரத் தட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கொடுத்த கையேட்டை நானும் பார்த்தேன். குவிமாட அரங்கின் விளக்குகளை எந்த வரிசையில் அணைப்பது, இருட்டைக் கண்டு அழும் பிள்ளையை எந்தக் கதவு வழியாக வெளியே கூட்டிப்போவது, படம் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது என எல்லாம் அதில் இருக்கிறது. படிக்கச் சொல்லி நம் கையில் கொடுக்கும் வரி தப்பாக இருந்தால் என்ன செய்வது என்பது மட்டும் எங்கும் இல்லை. அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் படிவம் வரைக்கும்தான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்-மில் அறிவியல் பாடத்தில் தேறியது எனக்கே ஆச்சரியம். கிள்ளானில் இருக்கும் இந்த விண்வெளிக் காட்சிக்கூடத்துக்கு டிக்கெட் கௌண்டர் வேலைக்குத்தான் வந்தேன். தினமும் சாலாக் செலாத்தானிலிருந்து கொமூட்டர் ரயில் ஏறி, சென்ட்ரல் நிலையத்தில் மாறி வருவேன். தமிழ்ப்பள்ளிகளுக்குப் படம் காட்டி விளக்கம் சொல்லும் ஆசிரியை ஒரு நாள் திடீரென்று சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். அன்று காலை பள்ளிப் பேருந்து வாசலில் நின்றது. கட்டடத்தில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் நானும் மேலாளரும்தான். மேலாளருக்குக் கூட்டம் இருந்தது. அப்படித்தான் நான் விளக்குநர் ஆனேன்.

நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். உறவுக்காரர் கல்யாணங்களில்கூட சமையல் கட்டுப் பக்கமே நிற்பேன். குவிமாடத்தில் இருட்டு. மேலே நட்சத்திரங்களைப் பார்ப்பார்களே தவிர என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் பேச முடிந்தது. எட்டு வருடம் பேசினேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

காப்பாரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி வருடா வருடம் வரும். அவர்களுடைய பேருந்து ஓட்டுநர் என் வயதுக்காரர். பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு, ஏர்கோன் குளிருக்காகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குவார். குறட்டைகூடக் கேட்கும். அந்த வருடம் அவர் தூங்கவில்லை. பால்வீதியின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டி, அங்கே நட்சத்திரங்கள் ஒரு சின்னத் தட்டாகச் சுற்றுகின்றன என்று நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். படம் முடிந்து பிள்ளைகள் கழிப்பறைக்கு வரிசை கட்டியபோது என்னிடம் வந்தார்.

"அக்கா, நடுவுல சின்னதா ஒரு தட்டு காட்டுனீங்களே, அது எப்படி அங்க வந்துச்சு?"

எனக்குத் தெரியாது. எனக்குக் கொடுத்த தாளில் அந்தத் தட்டு இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தது. எப்படி வந்தது என்று இல்லை. தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். பக்கத்தில் ஆசிரியை நின்றார், பிள்ளைகள் நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நடுவுல கருந்துளை இருக்குல்லண்ணே. அது எல்லாத்தையும் உறிஞ்சி அங்க சேர்த்து வச்சிருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "உறிஞ்சுனா உள்ளல்ல போயிருக்கணும்? வெளிய நின்னு ஏன் சுத்துது?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவப் பார்த்தேன். திரும்பினால் ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி சுவரில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'கருந்துளை உறிஞ்சிச் சேர்த்தது' என்று என் பொய் அழகான கையெழுத்தில் இருந்தது. கீழே கோடு வேறு போட்டிருந்தாள். அதை அடிக்கச் சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. பேருந்து போய்விட்டது.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கொமூட்டரில் போகும்போது கைப்பேசியில் தேடிப் படித்தேன். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கம் முடிய நாலு நாள் ஆகும். படித்ததில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. நான் சொன்னது தப்பு.

சில வாரம் கழித்து, பல்கலைக்கழகத்திலிருந்து வானியல் படித்த ஒரு பெண் பொதுச் சொற்பொழிவு நடத்த வந்தார். என்னைவிட இருபது வயதாவது இளையவர், சீனர். சொற்பொழிவில் எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. அவர் ஊழியர்கள் சாப்பிடும் பேன்ட்ரியில் தனியாக நாசி லெமாக் சாப்பிடும் வரை காத்திருந்து, மலாயில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாடு மடித்து வந்த தாளைத் துடைத்துவிட்டு அதன் மேலேயே பேனாவால் வரைந்தார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நம் பால்வீதியின் நடுவே நட்சத்திரங்கள் நீளமாக, ஒரு பட்டை போலச் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பட்டை முழுதாகச் சுழல்கிறது. சுற்றியிருக்கும் வாயு அதில் மாட்டி மோதிக்கொள்ளும்போது தன் சுற்று வேகத்தை இழக்கிறது. வேகம் இழந்த வாயு பழைய இடத்தில் நிற்க முடியாமல் பட்டையை ஒட்டியே உள்ளே வழிந்து வருகிறது. ஆனால் நடுப்புள்ளி வரை போய் விழுந்துவிடுவதில்லை. நடுவிலிருந்து சில நூறு ஒளியாண்டு தூரத்தில் அதற்கு நிம்மதியாக வட்டமடிக்க ஒரு பாதை கிடைக்கிறது. அங்கே தங்கிவிடுகிறது. பின்னால் வருவதும் அங்கேயே சேர்கிறது. நெருக்கம் அதிகமாகி, அந்த வாயுவிலிருந்து புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. தட்டையாக, வேகமாகச் சுற்றும் அந்தக் கூட்டம்தான் நாம் காட்டும் சின்னத் தட்டு. அதிலுள்ள மூத்த நட்சத்திரங்களின் வயதைப் பார்த்தால், அந்தப் பட்டை எப்போது உண்டானது என்றுகூடக் கணிக்கலாமாம்.

கருந்துளை என்ன செய்கிறது என்று கேட்டேன். அது நடுவில் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அதன் பிடி எட்டுவது சில ஒளியாண்டு தூரத்துக்குத்தான். தட்டைப் பிடித்து வைத்திருப்பது அங்கே கூடியிருக்கும் நட்சத்திரங்கள் எல்லாவற்றின் கூட்டு ஈர்ப்புதான்.

பால்வீதி போன்ற எல்லா விண்மீன் மண்டலங்களிலும் இப்படித்தானா என்றேன். தெரியாது என்றார். சிலவற்றில் ஒரு குட்டி மண்டலம் வந்து விழுந்து, அதன் வாயுவிலிருந்து தட்டு உண்டாகியிருக்கலாம். எதில் எது நடந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் மூன்று முறை 'தெரியாது' என்றார். அவ்வளவு படித்தவருக்கு அந்தச் சொல் கூசவில்லை. ஐந்தாம் படிவம் படித்த நான்தான் அதைச் சொல்லக் கூசி, ஒரு பிள்ளையின் நோட்டில் பொய்யை எழுத வைத்தேன்.

அடுத்த முறை காப்பார் பேருந்து வந்தபோது ஓட்டுநரிடம் நானே போய், போன தடவை சொன்னது பொய் என்றேன். சரியானதையும் சொன்னேன். அவர் வண்டிக் கதவில் சாய்ந்தபடி கேட்டுவிட்டு, "அதானே பார்த்தேன். போர்ட்டுக்குப் போற ரோட்ல நேரா வர்ற லோரி எல்லாம் ரவுண்டபோட்ல வந்து மெதுவாகி சுத்துது. நடுவுல நிக்கிற லைட் போஸ்ட்டா அதுங்கள இழுக்குது?" என்றார்.

வண்டிகள் சுற்றிப்போகும் சாலை வட்டம்: இத்தனை படித்தும் எனக்குத் தோன்றாத உதாரணம். அன்றிலிருந்து அதைத்தான் சொன்னேன். பழைய வகுப்புக்கும் திருத்தத்தைச் சொல்லிவிடும்படி ஆசிரியையைக் கேட்டேன். பரீட்சையில் வராது, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இனி, பெரிய விஷயம்.

காட்சிக்கூடத்துக்கு ஒரு புரவலர் நிறுவனத்தின் செலவில் புதுப் படம் வந்தது. பால்வீதியின் நடுவுக்குப் பயணம் போகும் படம். இனி நேரில் பேச வேண்டாம், மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் குரல் பதிந்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். தமிழுக்கு என் குரல். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்தது ஒலிப்பதிவு அறை. சனிக்கிழமை திறப்பு விழா. புதன்கிழமை மதியம் நான் அங்கே போனேன்.

பதிவு செய்தவர் ஒரு சீன அங்கிள். தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனால் வினாடி தெரியும். ஒவ்வொரு காட்சிக்கும் இவ்வளவு நேரம் என்று படத்தில் அளந்து வைத்திருப்பார்கள். சொல்ல வேண்டியது அதற்குள் முடிய வேண்டும். மலாயில் சொன்னதையே தமிழில் சொன்னால் நீளும். இந்தத் தொழிலில் தமிழுக்கு எப்போதும் நடப்பது இதுதான்: படத்தை நீட்ட மாட்டார்கள், வாக்கியத்தை வெட்டுவார்கள். யார் வெட்டினார்கள், வெட்டியபின் என்ன மிஞ்சியது என்று திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

சின்னத் தட்டு தெரியும் காட்சிக்குப் பதினொரு வினாடி. மலாய்த் தாளிலும் ஆங்கிலத் தாளிலும் பட்டை, வாயு, புது நட்சத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. தமிழ்த் தாளில் இப்படி இருந்தது: 'கருந்துளை வாயுவை உறிஞ்சி, தன்னைச் சுற்றி நட்சத்திரத் தட்டை உருவாக்குகிறது.'

நான் சொன்ன அதே பொய். இந்த முறை அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டு வந்திருந்தது.

அந்த வரி வரும் வரை பதிந்தோம். அங்கே நிறுத்தினேன். அங்கிளிடம் பத்து நிமிடம் கேட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து தாளின் பின்பக்கம் எழுதினேன். அடித்து அடித்து எழுதியதில் கடைசியாக இது வந்தது: 'நடுவில் உள்ள நட்சத்திரப் பட்டை வாயுவை உள்ளே செலுத்துகிறது. அது வட்டமாகத் தங்கிப் புது நட்சத்திரங்களாகிறது.' உள்ளே போய்ப் படித்தேன். அங்கிள் திரையைப் பார்த்து, பத்தரை வினாடி, ஓகே லா என்றார்.

மேலாளருக்கு ஃபோன் செய்தேன். அவர் பொறியியல் படித்தவர், என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கெட்டவர் இல்லை. விழா வேலையில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தார். வரி தப்பு, சரியான வரி எழுதியிருக்கிறேன், நேரத்துக்குள் வருகிறது என்றேன்.

"அக்கா, அது அப்ரூவ் ஆன ஸ்கிரிப்ட். ஸ்போன்சர் கமிட்டி சைன் பண்ணியாச்சு. ஒரு சொல் மாத்தினாலும் திரும்ப அனுப்பணும். சனிக்கிழமை மினிஸ்ட்ரில இருந்து வராங்க. இப்ப போய்..."

"தப்புன்னு தெரிஞ்சு எப்படி சார் படிக்கிறது?"

"நீங்க வானியலா படிச்சீங்க?"

"இல்ல சார். படிச்சவங்கள கேட்டேன். நீங்களும் கேளுங்க, நம்பர் தரேன்."

"சின்னப் பிள்ளைங்கக்கா. அதுங்களுக்கு இது போதும்."

இதைக் கேட்டதும் என் காது சுட்டது.

"மலாய்ப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் சார் போதல? அவங்களுக்கு உண்மை, எங்க பிள்ளைங்களுக்கு இதுவா?"

அவர் அதை விட்டுவிட்டு, படிப்பதாக இருந்தால் படியுங்கள், இல்லையென்றால் நாளை வேறு ஆளை வைத்துப் பதிகிறேன், நீங்கள் திரும்ப கௌண்டருக்கே போக வேண்டியிருக்கும் என்றார். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எட்டு வருடமாக அந்த இருட்டில்தான் எனக்குப் பேச்சு வந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. என் பொய்யை எழுதிக்கொண்ட அந்தப் பள்ளிப் பிள்ளையின் நோட்டை நினைத்துக்கொண்டேன். கௌண்டருக்கே போகிறேன் சார் என்றேன்.

மறுநாள் வானொலியில் பேசும் ஒரு பெண் முழுப் படத்தையும் பதிந்துகொடுத்தார். நல்ல குரல், என் குரலைவிட நல்ல குரல். சனிக்கிழமை விழா நடந்தது. 'கருந்துளை உறிஞ்சி' என்று அந்த நல்ல குரல் சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். நான் வெளியே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு தமிழ்ப்பள்ளி வந்தது. கௌண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன மைக் உண்டு. விலை சொல்லவும், வரிசையில் நிற்கச் சொல்லவும் வைத்தது. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அந்த மைக்கைப் பிடித்தேன். முப்பது பிள்ளைகள் வெளிச்சத்தில் என் முகத்தையே பார்த்தார்கள். கை நடுங்கியது. நடுவில் ஒரு தட்டு காட்டுவார்கள், கருந்துளை உறிஞ்சியது என்று ஒரு குரல் சொல்லும், அது தப்பு என்று சொல்லிவிட்டு, ரவுண்டபோட் உதாரணத்தையும் சொன்னேன். குரல் கம்மி, முன்னால் நின்ற மூன்று பேருக்குத்தான் கேட்டிருக்கும். மற்றவர்கள் தண்ணீர்ப் புட்டியைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த பள்ளிக்கும் சொன்னேன். அதற்கடுத்ததற்கும். ஒரு மாதத்தில் நடுக்கம் நின்றது என்று எழுத ஆசைதான், ஆனால் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே சத்தமாகப் பேசப் பழகினேன்.

பிறகு ஒரு நாள், படம் ஓட்டும் மலாய்த் தம்பி வெளியே வந்து, உள்ளே உங்கள் பிள்ளைகள் என்ன கத்துகிறார்கள் என்று கேட்டார். அந்த வரி வந்ததும் இருட்டுக்குள் நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "தப்பு" என்றிருக்கிறார்கள். அதன்பின் அது பள்ளிக்குப் பள்ளி பரவிவிட்டது. நான் சொல்லாமலே தெரிந்து வந்தவர்களும் இருந்தார்கள். சில பிள்ளைகள் அந்த வரிக்காகவே காத்திருப்பார்களாம்.

புரவலர் நிறுவனத்திலிருந்து நாலு பேர் படம் பார்க்க வந்த நாளில் காப்பார் பள்ளியும் உள்ளே இருந்தது. பிள்ளைகள் வழக்கம்போல் கத்தினார்கள். விருந்தாளிகள் மேலாளரிடம் என்ன சத்தம் என்று கேட்க, அவர்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களை அனுப்பிவிட்டு நேராகக் கௌண்டருக்கு வந்தார். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் வரிசையில் நின்றது. ஓட்டுநரும் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றார்.

"அக்கா, நீங்கதான் சொல்லிக் கொடுக்கிறீங்களா?"

"ஆமா சார்."

"நிறுத்துங்க."

"வரிய மாத்துங்க சார். நிறுத்துறேன்."

வரிசையில் இருந்த அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். மேலாளர் கண்ணாடியில் கை வைத்து நின்றார். ஓட்டுநர் தூணிலிருந்து அசையாமல், "பொஸ், நடுவுல நிக்கிற லைட் போஸ்ட் லோரிய இழுக்குமா?" என்று மட்டும் கேட்டார். மேலாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த விஞ்ஞானியின் நம்பரைக் கொடுங்கள் என்றார்.

பள்ளி விடுமுறை முடிந்து திறந்தபோது வரி மாறியிருந்தது. குரல் அந்த வானொலிப் பெண்ணுடையதுதான். வாக்கியம் நான் படிக்கட்டில் எழுதியது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது, கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதென்று குறைப்பட்டார்கள். என்னைத் திரும்ப உள்ளே கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை கௌண்டரில் இருந்தேன். அதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து என்னிடம் இரக்கமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன்: நாளைக்கே அப்படி ஒரு தாளைக் கொடுத்தாலும் அந்த வரியைப் படிக்க மாட்டேன்.

உங்களில் பலர் பட்டதாரிகள். நீங்கள் என்ன படித்தீர்கள் என்று கேட்டு உங்கள் வாயை அடைக்க முடியாது. வேறு காரணம் சொல்லி அடைப்பார்கள். நேரமில்லை என்பார்கள், கையெழுத்தாகிவிட்டது என்பார்கள், தமிழ் நீளம் என்பார்கள். தமிழ் நீளம்தான். உட்கார்ந்து எழுதினால் பத்தரை வினாடிக்குள் அடங்கும்.

அந்தத் தட்டைப் பற்றி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அரங்கில் ஓடும் வாக்கியமும் ஒரு நாள் தப்பாகிப் போகலாம். அன்றைக்கு, இது அந்த அக்கா சண்டை போட்டு வாங்கிய வரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதை அடித்துவிட்டுச் சரியானதை எழுதுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம்.